பிக்கப்புக்கு ஏ/டி டயர்: பெங்களூருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரில் எங்கள் தெருவில் நிற்கும் ஒரே பிக்கப் என்னுடைய இசுஸு வி-கிராஸ்தான். அதனாலோ என்னவோ, பிக்கப் வைத்திருக்கும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் டயர் தேய்ந்ததும் என்னைத்தான் தேடி வருகிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. இரண்டு செட் டயர் வாங்கியவன், அதில் முதல் செட்டைத் தப்பாக வாங்கியவன், அவ்வளவுதான்.

எனக்கு ஏ/டி டயர் தேவையா?

ஏ/டி என்றால் ஆல்-டெரெய்ன், தாரிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கான டயர். பதில் சொல்லும் முன் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். ஒரு வாரம் வண்டி எங்கெல்லாம் போகிறது, அதில் தார் எவ்வளவு, மண் எவ்வளவு?

என் கணக்கு இது. வேலை நாட்களில் பொம்மசந்திராவுக்குப் போய் வர தினமும் 50 கிலோமீட்டர், ஐந்து நாளைக்கு 250. ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வழியாகத் தளிப் பக்கம் இருக்கும் நிலத்துக்குப் போய் வர 140. ஆக 390. இதில் மண்பாதை என்பது ஊர் எல்லையிலிருந்து எங்கள் கிணறு வரை 3 கிலோமீட்டர், போக வர 6. நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இந்த எண்ணைப் போட்டுப் பார்க்காமல்தான் முதல் செட்டாக முரட்டு ஏ/டி வாங்கினேன். அந்த ஒன்றரைக்காக மீதித் தொண்ணூற்றெட்டரையில் அவதிப்பட்டேன்.

உங்கள் எண் இரண்டுக்குக் கீழே இருந்து, அந்த மண்பாதையும் காய்ந்த கெட்டி மண்ணாக இருந்தால், கம்பெனியிலிருந்து வந்த மாதிரியான எச்/டி (நெடுஞ்சாலை) டயரே போதும். மழைக்காலத்திலும் போக வேண்டும், கல்லும் ஜல்லியும் கிடக்கிறது, கருவேல முள் இருக்கிறது என்றால் மிதமான ஏ/டி. அதற்கு மேலே போக, சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அழகுக்கு என்றால் சரி, அது உங்கள் காசு.

எச்/டி, ஏ/டி, எம்/டி என்றால் என்ன?

எச்/டி நெடுஞ்சாலைக்கு. ஏ/டி இரண்டுக்கும் நடுவில். எம்/டி சேற்றுக்கு. வலப்பக்கம் போகப் போக பட்டன்கள் (டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள்) பெரிதாகும், நடுவில் பள்ளம் அகலும், சத்தமும் எடையும் கூடும், நனைந்த தார்ரோட்டில் பிடிப்பு குறையும். எம்/டியை இந்தப் பக்கத்தில் இனிமேல் தொடப்போவதில்லை.

ஏ/டியிலேயே மிதமானது எது, முரடானது எது என்று பார்த்தவுடன் தெரியுமா?

தெரியும். டயரை நிமிர்த்தி வைத்து நடுப்பகுதியைப் பாருங்கள். பட்டன்கள் ஒன்றோடொன்று நெருங்கி, கிட்டத்தட்ட ஒரே வரிசைபோலச் சுற்றி ஓடினால் மிதமானது. ஒவ்வொரு பட்டனும் தனித்தீவாக நின்று, இடையில் கட்டைவிரல் சாதாரணமாக நுழைந்தால் முரடு. அடுத்து, பட்டன் மேல் பிளேடால் கீறியதுபோல மெல்லிய கோடுகள் இருக்கின்றனவா பாருங்கள். நனைந்த ரோட்டில் பிடிப்பது அந்தக் கோடுகள்தான். அவை மேலோட்டமாக இருந்தால் பாதி டயர் தேய்வதற்குள் மறைந்துவிடும். ஆழம் வரை போகிறதா என்று நகத்தை விட்டுப் பாருங்கள்.

கடைசியாகத் தூக்கிப் பாருங்கள். ஒரே சைஸில் முரட்டு ஏ/டி நாலைந்து கிலோ கூட இருக்கும். நான் முதல் செட் வாங்கியபோது கடையில் தூக்கிப் பார்த்து, ‘கனமா இருக்கு, நல்ல டயர்’ என்று சந்தோஷப்பட்டேன்!

மழையில் பிடிக்குமா?

முக்கியமான கேள்வி இதுதான். ஆனால் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம், கோடை மழை. தளியிலிருந்து திரும்பி வரும்போது அத்திப்பள்ளி டோலுக்கு முன்னால் லாரிகள் நின்றுவிட்டன. வேகம் அறுபதுகூட இல்லை. பிரேக் மிதித்தேன், ஏபிஎஸ் காலடியில் தடதடவென்று அடித்தது, வண்டி நின்றது. ஆனால் நிற்பதற்கு முன் பின்பக்கம் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்ததைத் தோளில் உணர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் தேங்காய் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ‘பின்னாடி ஏத்தியிருந்தா இப்படி ஆகியிருக்காது’ என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை.

பிக்கப்பில் பின்னால் சரக்கு இல்லை என்றால் பின் சக்கரத்தின் மேல் பாரம் இல்லை. டூ வீல் டிரைவில் தள்ளுவதும் அதே பின் சக்கரம்தான். முரட்டு ஏ/டியில் ரப்பர் கல்லுக்குத் தாங்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், தரையைத் தொடும் ரப்பரும் குறைவு, பிரேக் போட்டால் உயரமான பட்டன்கள் வளைகின்றன. மெல்லிசாக நீர் படர்ந்த வழவழத் தாரில் இது எல்லாம் சேர்ந்து பிரேக் தூரத்தைக் கூட்டும். நம் ஊரில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ரோட்டில் தூசியும் ஆயிலும் ஊறியிருக்கும். முதல் மழையின் முதல் அரைமணி நேரம் அதுதான் சோப்பு நுரை மாதிரி. சில்க் போர்டு பாலத்தடியில் பைக் ஓட்டுகிறவர்கள் விழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆழமாகத் தேங்கிய தண்ணீரில் விஷயம் வேறு. அங்கே அகலமான பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ள உதவும், ஏ/டி மோசமில்லை. ஆனால் தினசரி ஓட்டத்தில் நாம் அதிகமாகச் சந்திப்பது தேங்கிய தண்ணீரை அல்ல, மெல்லிய ஈரத்தைத்தான்.

டயர் கத்துமா?

கத்தும். எவ்வளவு என்பது டயரைப் பொறுத்து, ரோட்டையும் பொறுத்து. பெங்களூருவில் பல சாலைகளை வைட்-டாப்பிங் என்று காங்கிரீட் போட்டுவிட்டார்கள். வழுக்காமல் இருக்க அதில் குறுக்கே கோடு கிழித்திருப்பார்கள். எந்த டயரும் அங்கே சத்தம் போடும், பெரிய பட்டன் டயர் ஊதும். என் முதல் செட்டில் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் தொடர்ந்து ஒரு ‘ஊம்...’ வரும். பேரிங் போய்விட்டது என்று நினைத்து ஒருநாள் முழுவதும் ஷெட்டில் கிடந்தேன். மெக்கானிக் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

புதிதில் சத்தமில்லாத ஏ/டிகூட இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கத்த ஆரம்பிக்கும். பட்டனின் ஒரு விளிம்பு உயர்ந்தும் மறு விளிம்பு தேய்ந்தும் ரம்பப் பல் போல ஆகிவிடுவதுதான் காரணம். கையை டயர் மேல் ஒரு திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த் திசையில் தடவினால் குத்தும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரங்களை இடம் மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்தால் இது தள்ளிப்போகும். சோம்பேறித்தனமாக விட்டுவிட்டால் அப்புறம் சரிசெய்ய முடியாது.

மைலேஜ் குறையுமா?

குறையும். எனக்கு 12.5 கொடுத்த வண்டி முதல் செட்டில் 11.3-க்கு வந்தது. இப்போதைய மிதமான ஏ/டியில் 12. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஊரில் கனமான சக்கரத்தைச் சுழற்றவே டீசல் போகிறது.

எல்டி, பத்து பிளை என்கிறார்களே, அது உறுதியானதுதானே?

உறுதியானதுதான். உங்களுக்கு அவ்வளவு உறுதி வேண்டுமா என்பதுதான் கேள்வி. சைஸுக்கு முன்னால் எல்டி என்று இருந்தால் அது லைட் டிரக் டயர். பத்து பிளை என்றால் உள்ளே பத்து அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை, பழைய காலப் பத்து அடுக்கு டயர் அளவுக்குப் பாரம் தாங்கும் என்பதுதான் கணக்கு. பக்கச்சுவர் தடியாக இருக்கும், கல் கிழிக்காது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிரானைட் குவாரிப் பாதையில் தினமும் ஓடுகிறவருக்கு நான் எல்டிதான் சொல்வேன்.

ஆனால் ஒன்றைக் கடையில் சொல்ல மாட்டார்கள். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் காற்று அளவு, வண்டியோடு வந்த சாதா டயருக்கானது. அதே பாரத்தை எல்டி டயர் தாங்க அதைவிடக் கூடுதல் காற்று வேண்டும். கூடுதல் காற்று, தடித்த சுவர், பின்னால் பட்டை ஸ்பிரிங், காலி பெட்டி: நாலும் சேர்ந்தால் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகெலும்பு வரை வரும். முதல் செட் இருந்த ஆறு மாதம் என் அம்மா வண்டியில் ஏறவே இல்லை.

பாரம் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். சைஸுக்குப் பின்னால் வரும் எண்தான் அது. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ, 109 என்றால் 1,030. அதை அடுத்த எழுத்து வேகம்: எஸ் 180, டி 190, எச் 210 கிலோமீட்டர். கம்பெனி டயரில் இருந்த பார எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். வேக எழுத்து விஷயத்தில், 100 கிலோமீட்டர் உச்சவரம்பு உள்ள மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் ஓட்டுகிறவருக்கு எஸ் தாராளம் என்று தோன்றும். அப்படியே இருந்தாலும் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதையே வையுங்கள், பின்னால் இன்ஷூரன்ஸ்காரர் பேச இடம் கொடுக்க வேண்டாம்.

ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால்?

கணக்கு எளிது. என் வண்டியின் கம்பெனி சைஸ் 255/60 ஆர்18. அகலம் 255 மில்லிமீட்டர், சுவர் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 153. மேலும் கீழும் சேர்த்து 306. நடுவில் 18 அங்குல டிஸ்க், 457. மொத்தம் 763 மில்லிமீட்டர் உயரம்.

ஹைலக்ஸின் மேல் மாடலில் வரும் 265/60 ஆர்18 போட்டால் 775. வித்தியாசம் 12 மில்லிமீட்டர், ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். வண்டி உயர்வது அதில் பாதி, 6 மில்லிமீட்டர். ஒரு பென்சில் தடிமன்கூட இல்லை. இதற்காகவா?

சிலர் 265/70-க்குப் போகிறார்கள். அது 828 மில்லிமீட்டர், எட்டரை சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது சக்கரம் அதைவிட எட்டரை சதவீதம் கூடுதலாக ஓடும். கம்பெனிகள் மீட்டரைக் கொஞ்சம் கூட்டியே காட்ட வைப்பதால் அதில் ஓரளவு கழியும். ஆனாலும் எக்ஸ்பிரஸ்வே கேமராவிடம் இந்த விளக்கம் எடுபடாது. அதோடு ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் ஃபெண்டர் உள்ளே உரசும், கியர் இழுவை மந்தமாகும். கம்பெனி சைஸிலேயே இருங்கள்.

அப்படியானால் சேற்றில் மாட்டினால்?

மாட்டுவீர்கள். எல்லாரும் மாட்டுகிறோம். தளிப் பக்கச் செம்மண் நனைந்தால் அல்வா மாதிரி ஒட்டும். மிதமான ஏ/டியின் பள்ளங்கள் இரண்டு சுற்றில் அடைத்துக்கொண்டு, டயர் வழுக்கை ஆகிவிடும். முரட்டு ஏ/டிக்கும் அதுவேதான், இரண்டு சுற்றுக்குப் பதில் ஐந்து சுற்று. டயரை மாற்றுவதைவிட இங்கே காற்றை இறக்குவது பெரிய உதவி.

சாதாரணமாக வைக்கும் காற்றிலிருந்து இறக்கி 20, 22 பிஎஸ்ஐக்குக் கொண்டுவந்தால் டயர் நீளவாக்கில் படர்ந்து தரையை அதிகம் தொடும். ஃபோர் லோ (நாலு சக்கரமும் சேர்ந்து மெதுவாக இழுக்கும் கியர்) போட்டு, ஆக்சிலரேட்டரை முறுக்காமல், ஊர்ந்து வர வேண்டும். 18 அங்குல டிஸ்க்கில் சுவர் குறைவு, அதனால் 20-க்குக் கீழே நான் இறக்குவதில்லை. தார்ரோடு வந்ததும் திரும்ப ஏற்றிவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரஸர் ஒன்று சீட்டுக்கு அடியில் கிடக்கட்டும். முரட்டு டயருக்கும் மிதமான டயருக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் அது வந்துவிடும்.

இன்னொன்று. வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்றவற்றில் உள்ள ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேகக் கியர்), மழை பெய்கிறதே என்று காங்கிரீட் ரோட்டில் போட்டு ஓட்டுவதற்கல்ல. முன்னும் பின்னும் பூட்டிக்கொள்வதால், பிடிப்புள்ள ரோட்டில் திரும்பும்போது உள்ளே முறுக்கேறும்.

சாதாரணமாகக் காற்று எவ்வளவு வைப்பது? நைட்ரஜன்?

கதவோர ஸ்டிக்கர் சொல்வதை, காலையில் வண்டி ஓடுவதற்கு முன். ஓடிச் சூடான டயரில் அளந்தால் மூன்று நாலு கூடக் காட்டும். பங்க் பையன் அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுவான். நைட்ரஜனில் அதிசயம் ஒன்றுமில்லை, நம் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

இரண்டு மட்டும் மாற்றலாமா?

நாலும் ஒரே டயராக இருப்பதுதான் நல்லது. முன்னே ஏ/டி, பின்னே எச்/டி என்று கலந்தால் மழையில் எந்தப் பக்கம் முதலில் விடும் என்று உங்களுக்கே தெரியாது. ஃபோர் ஹையில் போட்டால் உயர வித்தியாசம் கியர்களைத் தின்னும். பட்ஜெட் இடம் கொடுத்தால் ஐந்தாக வாங்கி, ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேருங்கள். ஆயுள் அந்த அளவுக்குக் கூடும். ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கியே கிழடாகாது.

எந்த பிராண்டு வாங்குவது?

நான் பெயர் சொன்னால் மறுநாள் சண்டைக்கு வருகிறார்கள். எடுத்துக்காட்டாக மட்டும்: யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி, மிதமான பக்கத்தில் இருப்பது. பிஎஃப் குட்ரிச் ஆல்-டெரெய்ன் முரட்டுப் பக்கம். அப்போலோ ஆப்டெரா ஏ/டி, சியட் கிராஸ்டிரைவ், எம்ஆர்எஃப் வாண்டரர் என்று உள்நாட்டிலும் இருக்கின்றன. பிராண்டைவிட, உங்கள் சைஸில் எது கிடைக்கிறது என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. 2020 ஜூனில் டயர் இறக்குமதியை அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்ட பிறகு, இறக்குமதி டயரில் ஒரு சைஸ் இருக்கும், அடுத்தது இருக்காது. முதலில் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

இரண்டாவது செட்டுக்கு ஜே.சி. ரோட்டில் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, தமிழும் கன்னடமும் கலந்து கேட்டார்: ‘அண்ணா, ரோட்ல ஓட்டறதுக்கா, போட்டோவுக்கா?’ அங்கேயே வாங்கினேன்.

டயர் வந்ததும் பக்கச்சுவரில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், உள்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டால் குனிந்துதான் பார்க்க வேண்டும். அதனால் மாட்டும் முன்னே பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் விலை குறைக்கச் சொல்லுங்கள், இரண்டு வருஷம் என்றால் வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். பில்லில் ஜிஎஸ்டியையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் அது 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். வால்வு புதிதாகப் போடச் சொல்லுங்கள். நட்டைக் கையால் தொடங்கிவிட்டு அப்புறம்தான் நட்டை இறுக்கும் கன் வைக்க வேண்டும், நேராகக் கன்னை வைத்தால் மரை போய்விடும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், முதல் 200, 300 கிலோமீட்டர் அடக்கமாக ஓட்டுங்கள்.

எப்போது மாற்றுவது?

பள்ளத்துக்குள் சின்ன மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் அதோடு சமமானால் டயர் முடிந்தது. மழைக்கு அதுவரை காத்திருக்காதீர்கள், 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றுங்கள். ஓடாமல் நின்றாலும் ஐந்தாறு வருஷத்தில் ரப்பரில் வெடிப்பு விழத் தொடங்கும். பட்டன் நிறைய இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

பழைய டயரை என்ன செய்வது?

பாதி ஆயுள் இருந்தால் கடையிலேயே எடுத்துக்கொள்வார்கள். என் முரட்டு செட்டைக் குவாரிக்கு ஜீப் ஓட்டும் ஒருவர் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார், அவருக்கு அது சரியான டயர். கம்பெனியிலிருந்து வந்த முதல் நாலில் ஒன்று மட்டும் நிலத்துப் புளியமரத்தில் ஊஞ்சலாகத் தொங்குகிறது. அப்படி வைப்பதானால் அடியில் நாலு ஓட்டை போட்டுவிடுங்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.